தொட்டியில் ஒரு கோடு

படிக்கட்டு வேலை செய்யும் என்று சர்க்குலர் வந்தால் லிப்ட் ரிப்பேர் என்று அர்த்தம். குழாயில் காற்று வரும் என்று வந்தால் இருக்கிற பக்கெட்டையெல்லாம் உடனே நிரப்பிக்கொள்ள வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்புக்கு வந்த மூன்றே மாதத்தில் கண்ணாடிக்காரருக்கு இதெல்லாம் பழகிவிட்டது. குடியிருப்போர் சங்கத்தின் ஏழாவது விதி அப்படி. சங்கம் சொல்லும் எந்தத் தகவலிலும் எதிர்மறைச் சொல் இருக்கக் கூடாது. "கூடாது என்பதே எதிர்மறைதானே" என்று ஒரு வக்கீல் கேட்கப்போய், அதை "இல்லாதிருக்கும்" என்று திருத்தினார்கள். அதுவும் எதிர்மறைதான் என்று தெரிந்த பிறகு, அதை ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். அந்த வக்கீலையே அதற்குத் தலைவராக்கினார்கள். அதற்கப்புறம் அவர் எதையும் கேட்பதில்லை.

கண்ணாடிக்காரர் என்றால் கண்ணாடிக் கடையில் அளவுக்குக் கண்ணாடி வெட்டிக் கொடுப்பவர். கீழ்த்தளத்தில் இருந்த அறிவிப்புப் பலகையின் கண்ணாடி ஒருநாள் உடைந்தது. நம் கையில் இருக்கிற தொழில்தானே என்று அவராகவே போய்ப் புதிதாக ஒன்று மாட்டிவிட்டார். அடுத்த கூட்டத்தில் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் அவரை அறிவிப்புப் பலகைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். தலைவர் கையெழுத்திட்ட சர்க்குலரைப் பலகையில் குத்துவது, பிறகு நூற்றுப் பன்னிரண்டு கதவையும் தட்டி 'அறிந்தேன்' என்று கையெழுத்து வாங்குவது அவர் வேலை.

"கண்ணாடி மாட்டப் போன மனுஷனைக் கண்ணாடிக்குள்ளயே மாட்டி விட்டுட்டாங்க" என்றாள் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாளெல்லாம் அடுத்தவர் கையில் ஊசி குத்துகிறவள். வார்த்தையிலும் அந்த ஊசி இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகளை அபாகஸ் வகுப்பிலிருந்து கூட்டிவரப் போனார். வகுப்பு நடப்பது பொது அறையில். நான்கு தூண்களின் மேல் பெரிய தண்ணீர்த் தொட்டி, தூண்களுக்கு நடுவே அந்த அறை. பதினான்கு பிள்ளைகள் உள்ளே மணிகளைத் தள்ளும் சத்தம் கேட்டது. வகுப்பு முடியப் பத்து நிமிஷம் இருந்ததால் சும்மா அண்ணாந்து பார்த்தார்.

தொட்டியின் அடிவிளிம்பில் ஒரு கோடு தொடங்கி மேலே போயிருந்தது. முடி அளவுதான். வேறு யாராவது பார்த்திருந்தால் சிலந்தி நூல் என்று நினைத்திருப்பார்கள். கண்ணாடிக்காரருக்கு உள்ளங்கால் சில்லிட்டது.

கண்ணாடியை யாரும் வெட்டுவதில்லை. கத்தி வைத்து அறுக்கவும் முடியாது. வைரமுனையால் ஒரு கோடு இழுக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணுக்கே தெரியாத கோடு. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் மெல்ல அழுத்தினால் எவ்வளவு பெரிய கண்ணாடியும் அந்தக் கோட்டோடு போய்விடும். பதினேழு வருஷமாக அவர் செய்கிற வேலையே கோடு போடுவதுதான். கண்ணாடி வேறு, கான்கிரீட் வேறு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏணி வைத்து ஏறி, கடையில் அளவு குறிக்கிற மெழுகுப் பென்சிலால் கோடு முடிகிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். வெள்ளிக்கிழமை மறுபடி ஏறினார். கோடு புள்ளியைத் தாண்டி நாலு விரற்கடை போயிருந்தது. இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போனார்.

"பாப்பாவுக்கு ஜுரம்னு சொல்லி நிறுத்திரு" என்றார் மனைவியிடம்.

"நம்ம ஒண்ணை நிறுத்தலாம். மிச்சம் பதிமூணு?"

"அதான் வயித்தைக் கலக்குது."

"கலக்குச்சுன்னா போய்ச் சொல்லுங்க. வயித்துக்குள்ளயே வச்சிருந்தா யாருக்குத் தெரியும்?"

சொன்னார். எதிர்வீட்டுக்காரர் கவலையோடு முழுவதையும் கேட்டுவிட்டு, "சர்க்குலர் எண் என்ன?" என்றார். எண் இல்லை என்றதும் முகத்திலிருந்து கவலை துடைத்துப் போட்டதுபோல் போய்விட்டது. அபாகஸ் டீச்சர் இளம் பெண். அவளுக்குப் பயம் அதிகம். "சர்க்குலர் வரட்டும் சார், உடனே இடத்தை மாத்திடறேன். இப்ப நானா மாத்தினா, ஏன் மாத்தினேன்னு கேட்டு எனக்கு ஒரு சர்க்குலர் வரும்."

வாட்ச்மேன் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், நீங்க புதுசு. எண் இல்லாம சொன்னா இங்க அதுக்குப் பேரு வதந்தி. ஏழாவது மாடி அம்மா ஒருத்தங்க பைக் ஸ்டாண்டுல பாம்பைப் பார்த்துட்டு வாய்விட்டுச் சொல்லிட்டாங்க. அன்னைக்கே அவங்க லிப்ட் கார்டை அணைச்சுட்டாங்க. ஒரு வருஷமா படிதான்."

"பாம்பு?"

"அதுக்குச் சர்க்குலர் வரலையே சார். அதனால பாம்பு இல்லை." வாட்ச்மேன் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்தப் பக்கம் போனா கொஞ்சம் காலைத் தட்டித் தட்டி நடங்க."

கண்ணாடிக்காரர் ஒன்பதாவது மாடி. ஆனாலும் முழங்காலைப் பற்றி யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. ஒரு முழுத்தாளில், அடித்து அடித்து ஆறு முறை எழுதிப் பார்த்து, ஏழாவதை எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனார். 'தண்ணீர்த் தொட்டியில் விரிசல் விட்டிருக்கிறது. ஆபத்து. யாரும் அருகே போக வேண்டாம். பொது அறையில் வகுப்பு நடத்த வேண்டாம்.' நாலே வரி.

தலைவர் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. மேஜையில் சிவப்புப் பேனா எப்போதும் மூடி கழற்றியே இருக்கும். தலைவர் தாளை வாங்கி, குழந்தையின் ஜாதகத்தைப் பார்ப்பதுபோல் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"தம்பி, உங்க அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். முப்பத்தோரு வருஷம் நான் காப்பீட்டுல இருந்தேன். எழுதாத விபத்து எதுவும் நடந்ததே இல்லை. என் மேஜைக்கு வர்ற வரைக்கும் எந்த வீடும் எரிஞ்சதில்லை, எந்த வண்டியும் மோதினதில்லை. எழுதினவங்களுக்குத்தான் எல்லாக் கஷ்டமும். இப்ப நீங்க 'விரிசல்'னு எழுதினா விரிசல் வந்துரும். வந்தா நாம பொறுப்பு. அதனால அதை ஆரம்பத்துலயே தடுப்போம்."

"விரிசல்ங்கறது எதிர்மறை" என்றார் செயலாளர். பேனா இறங்கியது. "கோடுன்னு போடலாம். கோடுங்கறது நடுநிலையான சொல்."

"மேடம், எங்க தொழில்ல கோடு போட்டாதான் உடையும்" என்றார் கண்ணாடிக்காரர்.

"உங்க தொழில் வேற. இது மொழி." பேனா அடுத்த வரிக்கு நகர்ந்தது. "ஆபத்து. ம்ஹூம். 'சிறப்பு'ன்னு இருக்கட்டும். அப்புறம் இது என்ன, 'யாரும் அருகே போக வேண்டாம்'? யாரும், வேண்டாம். ஒரே வாக்கியத்துல ரெண்டு எதிர்மறை. ரெண்டையும் எடுத்துட்டா 'அருகே போக'ன்னு தொங்குது. 'அனைவரும் அருகே போகலாம்'னு முடிச்சுடறேன். வாக்கியம்னா இப்படி நிமிர்ந்து நிக்கணும்."

"மேடம், அது அர்த்தமே மாறுதே."

"அர்த்தத்தைப் பார்க்க வேற குழு இருக்கு."

அந்த இடத்தில் கண்ணாடிக்காரர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு தலைவரை எதிர்த்துப் பேசினார். எதிர்த்தது என்றால் குரலை உயர்த்தவில்லை. கைகூப்பிக்கொண்டு, "அது கோடு இல்லீங்க, விரிசல்தாங்க" என்றார். ஒரு சொல்லில் கருத்து வேறுபாடு எழுந்தால் அதைப் பொதுக்குழுதான் தீர்க்க வேண்டும் என்பது பதினோராவது விதி. விவாதிக்கப்படும் பொருள் இருக்கும் இடத்திலேயே பொதுக்குழு கூட வேண்டும் என்பது பன்னிரண்டாவது விதி. தலைவர் இரண்டையும் மனப்பாடமாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை காலை பத்து மணி. தொட்டியடியில. வீட்டுக்கு ஒருத்தர் கட்டாயம்." பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "ஜனங்க பார்க்கும்போது தொட்டி பாதியா இருந்தா நல்லா இருக்காது. விளிம்பு வரைக்கும் நிரப்பிருங்க. நிறைகுடம் தளும்பாது."

அந்தப் பழமொழிக்கு இப்படி ஒரு பயன் உண்டு என்று கண்ணாடிக்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

சர்க்குலர் எண் நூற்று முப்பத்தொன்பது வந்தது. 'நமது தொட்டியில் சிறப்பான கோடு தோன்றியுள்ளது. அனைவரும் அருகே போகலாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு அருகே கூடவும்.' அதைத் தன் கையாலேயே பலகையில் குத்தினார். நூற்றுப் பன்னிரண்டு கதவையும் தட்டினார். ஒவ்வொரு கதவிலும், "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க, ஆனா வராதீங்க" என்று சொல்லத்தான் நினைத்தார். முதல் கதவில் சொல்லியும் பார்த்தார். அந்த அம்மாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "'வராதீங்க'ன்னு இதுல எங்க இருக்கு?" என்றாள். அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை. சிலர் கோட்டின் புகைப்படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். மூன்றாவது மாடியில் ஒருவர், "நம்ம குடியிருப்புக்கு ஒரு அடையாளம் இல்லையேன்னு குறை இருந்துச்சு" என்றார்.

ஞாயிறு காலை அவர் பல் துலக்கும்போதே தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் ஒன்பதாவது மாடிக்குக் கேட்டது. மகளை வீட்டில் வைத்துக் கதவைப் பூட்டினார்கள்.

தொண்ணூற்றேழு வீட்டார் வந்திருந்தார்கள். நல்ல வெயிலாக இருந்ததால் எல்லாரும் நெருக்கியடித்துத் தொட்டியின் நிழலுக்குள்ளேயே நின்றார்கள். மைக் கண்ணாடிக்காரரிடம். அது கேட் பக்கத்தில், நாற்பது அடி தள்ளி இருந்தது, வயர் அவ்வளவுதான் வரும் என்பதால். இவ்வளவு தூரத்திலிருந்தும் கோடு அவர் கண்ணுக்குத் தெரிந்தது. முடி அளவு இருந்தது இப்போது பென்சில் அளவு இருந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, தலைவரின் தாளில் விழுந்தது. தலைவர் அதைக் கையால் தட்டிவிட்டுப் பேசினார்.

"இந்தச் சங்கத்துல இதுவரைக்கும் ஒரு கெட்ட செய்திகூட வந்ததில்லை. பதினோரு வருஷத்து சர்க்குலரையும் எடுத்துப் பாருங்க. லிப்ட் நின்னதா ஒரு வரி இருக்கா? தண்ணி நின்னதா ஒரு வரி இருக்கா? பக்கத்துக் குடியிருப்புல எல்லாம் நின்னிருக்கு, நான் படிச்சிருக்கேன். ஏன்னா அவங்க எழுதறாங்க."

பலத்த கைதட்டல். அத்தனை கையும் சேர்ந்து தட்டியபோது கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அதிர்வு நல்லதில்லை.

கோடு என்பவர்கள் இடப்பக்கத் தூண்களை ஒட்டி நின்றார்கள். விரிசல் என்பவர்களுக்கு வலப்பக்கம். அங்கே அவருடைய மனைவி மட்டும், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நிழலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். நிழலுக்குள் வந்தால்தான் ஓட்டு செல்லும் என்றார் செயலாளர். "செல்லலைன்னா பரவாயில்லை மேடம். நான் செல்லணும்" என்றாள் அவள். கோடு: தொண்ணூற்றாறு. விரிசல்: செல்லாத ஓட்டு ஒன்று. முடிவை அறிவிக்கும்படி தலைவர் சைகை காட்டினார்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, டக் என்று, விரல் சொடுக்கின மாதிரி. தொண்ணூற்றாறு பேரில் யாரும் திரும்பவில்லை. கண்ணாடிக்காரர் பதினேழு வருஷத்தில் அதை லட்சம் முறை கேட்டிருப்பார். இழுத்த கோடு உள்ளே ஓட ஆரம்பிக்கிற சத்தம் அது. அதற்கப்புறம் கொஞ்சம் அவகாசம் இருக்கும். எவ்வளவு என்று சொல்ல முடியாது.

ஓடுங்கள் என்று சொன்னால் ஓட மாட்டார்கள். எண் கேட்பார்கள். எண்ணைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, அது விரிசல்தான் என்று மறுபடி தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பயத்தில் அவருக்குக் குரல் தட்டையாகவும் நிதானமாகவும் வந்தது, அசல் சங்கத்துக் குரல் மாதிரி.

"சர்க்குலர் எண் நூற்று நாற்பது" என்றார் மைக்கில். "சங்கத்தின் துணைக்குழுக்களில் முப்பது இடங்கள் உள்ளன. இந்த நிமிஷம் தொட்டியடியில் நிற்பவர்கள் அவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். பதவிக்காலம் ஐந்து வருஷம். பேர் எழுதத் தொடங்குகிறேன்."

முதலில் வக்கீல் நகர்ந்தார். அதற்கப்புறம் யார் முதல், யார் கடைசி என்றே தெரியவில்லை. ஒருத்தருக்கு போன் வந்தது. போன் கொண்டுவராதவர்களுக்கும் வந்தது. முட்டிவலி என்று நாற்காலி கேட்டு வாங்கிய பெரியவர் அந்த நாற்காலியையும் தூக்கிக்கொண்டு ஓடினார். அரை நிமிஷத்தில் நிழல் காலியானது.

தலைவரும் செயலாளரும் மட்டும் அசையவில்லை. பதவி என்றதும் ஓடுகிறவர்களா அவர்கள்?

"யாரைக் கேட்டு நூத்தி நாப்பது போட்டீங்க?" என்று தலைவர் அங்கிருந்தே கேட்டார். "அந்த எண் இன்னும் திறக்கவே இல்லை."

"தப்புதான் தலைவரே." "தீர்மானத்துல உங்க கையெழுத்து விட்டுப்போச்சு. தாள் இங்க இருக்கு. மேடம், அதுல ஒரு சந்திப்பிழையும் இருக்கு."

இருவரும் வந்தார்கள். தலைவர் மெதுவாக நடப்பவர். வழியில் நின்று சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். கண்ணாடிக்காரர் மூச்சு விடாமல் அவர் காலடிகளை எண்ணினார். முப்பத்தெட்டாவது அடியில் முதலில் தண்ணீர் வந்தது, ஒரு திரைச்சீலை அவிழ்ந்து விழுகிற மாதிரி. அதன் பின்னால் தொட்டி வந்தது. பொது அறை இருந்த இடத்தில் ஒரு பெரிய சத்தமும் புழுதியும் இருந்தன. தண்ணீர் கேட் வரைக்கும் வந்து, தலைவரின் முழங்காலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

தலைவர் நனைந்த காலைக் குனிந்து பார்த்தார். மனுஷன் இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று கண்ணாடிக்காரர் காத்திருந்தார்.

"எழுதிக்கோங்க" என்றார் தலைவர். "மேல்நிலை நீர்த்தொட்டி இன்று முதல் கீழ்நிலை நீர்த்தொட்டியாகத் திகழும்."

"'திகழும்' ரொம்ப நல்லா இருக்கு தலைவரே" என்றார் செயலாளர். அவர் பல் கிட்டியிருந்தது. ஆனாலும் பேனா கையில் இருந்தது.

"ஐயா, நாளைக்கு அஞ்சு மணிக்கு அந்த அறையில வகுப்பு இருக்கு. அறை இல்லைன்னு ஒரு வரி..." என்று இழுத்தார் கண்ணாடிக்காரர்.

"இல்லைங்கறது எதிர்மறை" என்று தலைவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். "வகுப்பு பத்தின பழைய சர்க்குலர் நடப்புல இருக்கு. வெள்ளிக்கிழமை குழு கூடும்போது பார்ப்போம். அப்புறம் தம்பி, நூத்தி நாப்பதுன்னு இன்னைக்கு நீங்க சொன்னது வதந்தி. அதுல ஒரு சலுகையும் கிடையாது." சொல்லிவிட்டு, 'கிடையாது' எதிர்மறை என்று அவருக்கே உறைத்ததுபோல ஒரு கணம் திகைத்து நின்றார்.

திங்கட்கிழமை லிப்ட் கார்டு வேலை செய்யவில்லை. கடையிலும் கோடு தப்பி இரண்டு கண்ணாடி வீணானது. முதலாளி முறைத்ததும் சீக்கிரமே கிளம்பி வந்துவிட்டார். குடியிருப்புக்குள் நுழையும்போது மணி ஐந்தே கால். மணிகளைத் தள்ளும் சத்தம் கேட்டது.

இடப்பக்கத்து இரண்டு தூண்கள் விழாமல் நின்றன. அவற்றுக்கு நடுவே தொட்டியின் அடித்தளத்தில் ஒரு துண்டு, கட்டில் அகலம் இருக்கும், நாலைந்து இரும்புக் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நேர் கீழே, இடிபாட்டைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, ஜமுக்காளம் விரித்துப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் அவருடைய மகள். அம்மா வேலையிலிருந்து வருவதற்குள், மற்றப் பிள்ளைகள் போவதைப் பார்த்து, ஜுரம் சரியாகிவிட்டது என்று அவளாகவே முடிவு செய்து வந்திருக்கிறாள்.

டீச்சர் அவரைப் பார்த்ததும் எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. "சர்க்குலர் மாறலையே சார். வராம இருந்தா வகுப்பையே எடுத்துடுவாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. பிள்ளைங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு உக்காந்திருக்கேன்."

கண்ணாடிக்காரர் தொங்குகிற துண்டைப் பார்த்தார். அதிலும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று அவர் யோசிக்கவில்லை. அதன் கீழே நுழைந்தார். கடைசி வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கையைப் பிடித்து எழுப்பினார்.

"வாங்க கண்ணுங்களா. சத்தம் போடாம, ஒருத்தர் பின்னால ஒருத்தர்."

அவர்கள் எழுந்தார்கள், அவ்வளவுதான். எழுந்து, அபாகஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். டீச்சர் ஜமுக்காளத்தைச் சுருட்டப் போனாள். "அது கிடக்கட்டும்மா" என்றதும் விட்டுவிட்டு ஓடி வந்தாள். மேலே பால்கனியிலிருந்து யாரோ, "எந்த சர்க்குலர்ங்க இது?" என்று கேட்டார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்க மாமா போறோம்?" என்றாள் கையைப் பிடித்திருந்த பெண்.

"தெரியலை கண்ணு. இங்கேருந்து போறோம்."

கேட்டுக்கு வெளியே வந்து, எதிர்ச் சாரியில் நிறுத்தி, தலைகளை எண்ணினார். பதினான்கு. ஒன்றை இரண்டு முறை எண்ணியிருப்போமோ என்று சந்தேகம் வந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு தலையிலும் கையை வைத்து, தொட்டுத் தொட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.